பார்லரக்காவின் குளிர்த்தொப்பி

நர்ஸின் கையிலிருந்து சீப்பைப் பிடுங்காமல் பார்லரக்கா கீமோ மருந்து ஏற்றிக்கொள்வதில்லை. சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்ததும் தலைமுடியைத் தானே தண்ணீர் தெளித்து நனைப்பார். அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே ஏறிச் சிக்கெடுப்பார். அதன் பிறகுதான் குளிர்த்தொப்பி. சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் நீச்சல் குல்லாவுக்கும் பிறந்த பிள்ளை போல இருக்கும் அது. ஒரு குழாய் வழியாக மெஷினோடு இணைந்திருக்கும். தலைத்தோல் சில்லிட்டுக் கிடந்தால் முடியின் வேருக்கு ரத்தம் குறைவாகப் போகும், ரத்தத்தோடு போகிற மருந்தும் குறையும், முடி கொஞ்சம் தப்பிக்கும். ஏற்பாடு அவ்வளவுதான்.

"இறுக்கி மாட்டும்மா. நடுவுல காத்து புகுந்தா அந்த எடம் சொட்ட. என் உச்சி வேற தட்ட."

நர்ஸ் எல்லோரையும் எல்கேஜி பிள்ளையாக நினைத்துப் பேசுகிறவர். "குளுருதாம்மாஆ? தாங்க முடியுதாம்மாஆ?" என்று இழுப்பார். அக்காவும் அதே இழுவையில், "குளுருதும்மாஆ, தாங்குறேம்மாஆ" என்பார். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்து, அவர் கையில் இருந்த மருந்துக் குழாய் ஆடும். முதல் கால் மணி நேரம் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கும். அப்போது மட்டும் அக்கா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார். அக்கா விழித்திருந்தும் பேசாமல் இருப்பது சரித்திரத்தில் அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் என்பது அவர் தங்கையின் கணிப்பு. தங்கைதான் பார்லரின் இரண்டாவது நாற்காலியைப் பார்த்துக்கொள்கிறவர்.

டாக்டர் முதலிலேயே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லியிருந்தார். பாதி நிற்கலாம், சிலருக்குப் பாதிக்கு மேலும் நிற்கலாம், சிலருக்கு ஒன்றுமே நிற்காமலும் போகலாம். அக்கா யோசித்துவிட்டு, "வந்தா மலை, போனா மயிருன்னு சொல்லுவாங்க டாக்டர். இங்க போறதே அதுதானே, மாட்டிப் பாப்போம்" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டார்.

முடிமேல் அவ்வளவு ஆசையா என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "நான் என்ன கவரிமானா, முடி போனா உசுர விட? பார்லர் வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

உண்மைக் காரணத்தைத் தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தார். அக்காவின் பார்லர் அழகுக்கு எவ்வளவு பேர்போனதோ, அதே அளவு சண்டைக்கும் பேர்போனது. புருவம் ஏறிவிட்டது, சாயம் இறங்கிவிட்டது, போன தடவை வெட்டியது இன்னும் வளரவில்லை என்று வருகிறவர்கள் எல்லாம் அக்காவிடம் மல்லுக்கு நிற்பார்கள். அக்கா ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுப்பார். சண்டை போட்டவர்கள் அடுத்த மாதம் தவறாமல் வந்துவிடுவார்கள்.

"முடி கெடக்கட்டும்டி. தலையப் பாத்ததும் எல்லாரும் குரல எறக்கிடுவாளுங்க. துக்கம் கேக்க வந்த மாதிரி என் கையப் புடிச்சுக்குவாளுங்க. அப்புறம் நான் யார்கூட சண்ட போடுறது?"

அதனால் தலைக்கு ராஜமரியாதை தொடங்கியது. கனம் குறைந்தால் இழுவையும் குறையும் என்று முதுகுவரை இருந்த முடியை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நின்று தோளோடு தானே வெட்டிக்கொண்டார். சாயம் கிடையாது, சூடு கிடையாது, இறுக்கக் கட்டுவது கிடையாது. என்றைக்காவது ஒருநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைக்கு ஊற்றுவதுபோல ஊற்றிக்கொள்வார். தலையணைக்கு முடி சிக்காத வழவழ சாட்டின் உறை வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரர் காலையில் எழுந்து, "இந்தத் தலகாணி ரொம்ப வழுக்குதுடி" என்று முறையிட்டார். அவருக்கு வழுக்கை விழுந்து வருஷக்கணக்கு ஆகிறது. "அது பாவம், உங்களப் பாத்துக் கத்துக்கிச்சு" என்றார் அக்கா.

இத்தனை கட்டுப்பாட்டையும் கெடுத்தது அக்காவின் கைதான். தலையை அலசியதும் துண்டால் அழுத்தித் துவட்டி, பத்து விரலையும் மண்டைக்குள் விட்டு ஒரு பிசை பிசைவது பார்லரில் அவர் பழக்கம். அந்தப் பிசைக்காகவே வருகிறவர்கள் உண்டு. இரண்டாவது தடவை மருந்து ஏற்றிய சில நாட்களுக்குப் பின், குளியலறையில் ஏதோ நினைப்பில் இருந்த அக்காவின் கைகள், அது யார் தலை என்பதை மறந்துவிட்டன. துவட்டின, பிசைந்தன. போதாததற்கு வாயும் தன் பங்குக்கு, "அழுத்தம் போதுமா மேடம்?" என்று கேட்டது. பதில் கைநிறைய வந்தது.

கொட்ட வேண்டியது எப்படியும் கொட்டியிருக்கும், பிசைந்ததில் சீக்கிரம் வந்துவிட்டது என்று நர்ஸ் ஒரு இழுவைகூட இல்லாமல் சொன்னார். அந்தக் குரல்தான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. தொப்பியை மட்டும் விடாமல் மாட்டிக்கொண்டார். உச்சியும் இடப்பக்கமும் சொட்டையாயின, மீதி நின்றது. பார்லரில் தலையில் பச்சை ஸ்கார்ஃப் ஒன்றைக் கட்டிக்கொண்டு, இதுதான் இப்போதைய ஸ்டைல் என்றார். வாடிக்கைக்காரி ஒருத்தி அதே போல ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

தங்கையின் வாய் சும்மா இருக்கவில்லை. விஷயம் பேங்க் மேடத்தின் காதுக்குப் போய்விட்டது. பேங்க் மேடத்துக்கு டோக்கன் நம்பர் கூப்பிட்டே தடித்துப்போன குரல். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் குறை சொல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அன்றைக்குப் பூனை போல வந்து உட்கார்ந்தார். முன்நெற்றி முடியை அக்கா வெட்டி முடித்ததும் கண்ணாடியை ஏறெடுத்தும் பார்க்காமல், "நல்லா இருக்கும்மா" என்றார்.

அக்காவின் கத்தரிக்கோல் நின்றது. 'ஏய்' தவிர வேறு எதுவும் சொல்லி மேடத்தின் வாய் அக்காவைக் கூப்பிட்டதில்லை.

அக்கா வலப்பக்கத்தை மட்டும் ஒரு விரல் மேலே ஏற்றி வெட்டினார். "நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் மேடம். இன்னும் ஒரு விரல் ஏற்றினார். முன்முடி இப்போது மாடிப்படி போல நின்றது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பேங்க் மேடம் கண்ணாடியைப் பார்த்தார். ஸ்கார்ஃபைப் பார்த்தார். "ஒனக்கு எப்படி சௌகரியமோ அப்படி வெட்டும்மா" என்றார்.

அக்கா மறுபடியும் கத்தரிக்கோலைத் தூக்கினார்.

"ஏய், எடு கைய. கண்ண எங்க வெச்சுக்கிட்டு வெட்டுற நீ? ஒரு பக்கம் கூர, ஒரு பக்கம் தர. இதோட நான் நாளைக்குக் கவுண்டர்ல உக்காரணுமா?"

"ஒங்க முடி வாகு அப்படி மேடம். என்னிக்கு அது நேரா நின்னுச்சு?"

"என் முடியச் சொல்லாத. மொதல்ல ஒன் தலைய..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. பாதியில விட்டா எனக்கு வேல ஓடாது."

"ஒன் தலையப் பாரு மொதல்ல. கட்டி மூடிட்டா எங்களுக்குத் தெரியாதா? முடி போனா போவுது, கண்ணுமா போச்சு ஒனக்கு?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். போன மாதத்துப் புருவம் வந்தது, அதற்கு முந்தின மாதத்துச் சாயம் வந்தது. அக்கா பேச்சுக்குப் பேச்சு திருப்பிக் கொடுத்துக்கொண்டே முன்முடியை அளந்து, இறக்கி, நேராக்கிக் கொடுத்தார். வழக்கத்தைவிடக் குட்டையாகத்தான் முடிந்தது. மேடம் அதையும் சொல்லிக்காட்டினார்.

வெட்டின முடி மேடத்தின் கழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடுகிற பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அக்கா தலையிலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து, ஓர் உதறு உதறி, அதாலேயே மேடத்தின் கழுத்தைச் சுற்றித் தட்டிவிட ஆரம்பித்தார்.