கனடா ஒழுங்கையில் ஒரு பூட்டிய வீடு

நல்லூரில் எங்கள் ஒழுங்கையை எல்லோரும் கனடா ஒழுங்கை என்றுதான் சொல்வார்கள். மாடி வீடுகள் ஒன்பது. சொந்தக்காரர்கள் ரொறன்ரோவில். ஒன்பதும் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கின்றன. பத்தாவதாக இருக்கும் ஓட்டு வீட்டில் நான் ஒருத்தி.

இன்று காலை குடும்ப விபரம் பதிய ஒரு பிள்ளை வந்தாள். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வருவதற்குள் என் வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். கூப்பிட்டேன்.

"என்ரை வீட்டைப் பதியேல்லையோ, பிள்ளை?"

திகைத்துப் போனாள். "இது பூட்டின வீடெண்டெல்லோ எழுதிப்போட்டன், அன்ரி."

"அப்ப மற்ற வீடுகள்?"

"எல்லாத்திலையும் ஆக்கள் இருக்கினம்."

தாளைக் காட்டினாள். ஒன்பது வீட்டிலும் பெயர், வயது, தொழில் எல்லாம் நிரம்பியிருந்தன. இடத்தின் பெயர்கூட 'கனடா ஒழுங்கை'தான்.

"நீர் ஆரைக் கண்டனீர்?"

"ஒருத்தரையும் காணேல்லை. பெல் அடிச்சன். கேற்றிலை இருக்கிற கமராவுக்குள்ளாலை கதைச்சவை."

"என்ரை வீடு பூட்டெண்டு ஆர் சொன்னது?"

அவள் குரல் தணிந்தது. "அவைதான். அங்கை கனகாலமா ஒருத்தரும் இல்லையெண்டு ஒன்பது வீட்டிலையும் சொன்னவை."

நான் என் பெயரை உரத்துச் சொன்னேன். அவள் எழுதத் தொடங்கினாள்.

அப்போது எதிர்வீட்டுக் கேற்றுக் கமராவிலிருந்து ஒரு குரல் அன்பாகக் கேட்டது:

"பிள்ளை, அங்கை தனிய நிண்டு ஆரோடை கதைக்கிறீர்?"

என்னைத் தெரிந்தவர்கள், நான் இருக்கிறேன் என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். கனடாவில் இருப்பவர்கள் எழுத வேண்டாம்.