வாடகை விமானமும் பரஸ்தானப் பையும்

மூன்று வேன் வைத்து ஓட்டுகிறவன் நான். அனுமந்தன்பட்டியிலிருந்து கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆள் ஏற்றிப் போவது பிழைப்பு. அதனால் விமானக் கம்பெனிக்காரர்கள் செய்வது எனக்குப் புரியாது என்று யாரும் சொல்ல முடியாது. புரிந்து தொலைத்ததால்தான் எரிச்சல் இவ்வளவு.

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அவள்தான் தாய்வீட்டுக்கு வர வேண்டும். பயணம் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டதால், தாய் அங்கே போவது என்று முடிவாயிற்று. என் மனைவிக்குத் தமிழ் தெரியும். குமுளிக் கடைகளில் பேரம் பேசும் அளவுக்கு மலையாளமும் தெரியும். அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. நடுவழியில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டுமென்றால் தன்னால் ஆகாது என்றாள். மருமகன் தேடிப் பார்த்து, மலிவு டிக்கெட் விற்கும் கம்பெனி ஒன்று சென்னையிலிருந்து நேராக ஜெர்மனிக்குப் பறக்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்.

அந்தக் கம்பெனியிடம் சொந்தமாக இருப்பதெல்லாம் ஒரே மாதிரிச் சின்ன விமானங்கள். அது கெட்டிக்காரத்தனம். என் மூன்று வேனும் ஒரே மாடல்தான். ஒரே மெக்கானிக், ஒரே உதிரிபாகம், எந்த டிரைவரையும் எந்த வண்டியிலும் ஏற்றிவிடலாம். தூரப் பயணம் வந்தால் தேனியில் ஒருவரிடம் பெரிய பஸ்ஸை டிரைவரோடு வாடகைக்கு எடுப்பேன். இவர்களும் அப்படித்தான், ஜெர்மனிக்காக வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் பெரிய விமானத்தை பைலட்டுகளோடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நம் தொழில்தானே என்று எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது.

விமானம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது என்றாள் மனைவி. “சென்னை நமக்கு வடகிழக்கால்ல இருக்கு?” என்றேன். “போய்ச் சேர்ற இடம் மேக்கதான?” என்றாள். அதற்குமேல் வாதாட நான் வக்கீல் இல்லை. கிளம்பும் நாள் சரியில்லையென்றால் எங்கள் பக்கம் பரஸ்தானம் வைப்போம். முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய மாதிரி. வைத்த பை திரும்ப வீட்டுக்குள் நுழையக் கூடாது. போகிற போக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வியாழக்கிழமை எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் பையை வைத்துவிட்டு வந்தாள். உள்ளே பிரசவ மருந்து, குழந்தைக்குப் பழைய வேட்டியில் கிழித்த துணிகள். “பாஸ்போர்ட் இல்லாத பைய வச்சா அது என்ன பரஸ்தானம்?” என்று அதையும் உள்ளே திணித்திருந்தாள். டீச்சர் அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போனார். சனிக்கிழமை ராத்திரி வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியிலிருந்து செய்தி. விமானம் ஞாயிறு இல்லை, சனிக்கிழமை மதியமே புறப்படுகிறதாம். போன் போட்டால், வெகுநேரம் பாட்டுக் கேட்கவிட்டு ஒரு பெண் வந்தாள். வாடகைக்குக் கொடுத்தவர் விமானத்தைச் சீக்கிரம் திருப்பிக் கேட்கிறாராம். “ஏம்மா, கேக்குறாகன்னா நேத்தே சொல்ல மாட்டீகளா?” என்றேன். சிரமத்துக்கு வருந்துவதாகச் சொன்னாள். வருத்தம் ஒன்றுதான் அவர்களிடம் தாராளமாகக் கிடைத்தது.

டீச்சருக்குப் போன் போட்டேன். “சாவி எங்கூடத்தான் இருக்கு. பூட்ட உடைச்சுருங்க தம்பி, புள்ளத்தாச்சியப் பாக்கப் போறாக, மாதா ஒண்ணும் நெனைக்க மாட்டாக” என்றார். பட்டப்பகலில், தெருவே வேடிக்கை பார்க்க, எதிர்வீட்டுப் பூட்டைச் சுத்தியலால் உடைத்தேன். விமானக் கம்பெனிக்காரர்கள் என்னைத் திருடனாக்கிவிட்டார்களே! பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் பக்கம் திரும்பினேன். “ஏங்க, அங்கனயே நில்லுங்க!” என்று கத்தினாள் மனைவி. வீட்டுக்குள் வரக் கூடாதாம். பை வேனில் ஏறியது. புதுப் பூட்டு வாங்கி டீச்சர் வீட்டுக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சனிக்கிழமை காலை சென்னை விமான நிலையத்தில் நின்றோம். வாசலில் இருந்த காவலர் உள்ளே விடவில்லை. விமானம் தாமதம், நேரம் தெரிந்த பிறகு வாருங்கள் என்றார். கம்பெனியின் டை கட்டிய பையன் ஒருவன் வெளியே வந்தபோதெல்லாம் பயணிகள் அவனைச் சூழ்ந்தார்கள். “இதோ வந்துக்கிட்டே இருக்கு சார்” என்றான் முதலில். இந்தப் பொய் எனக்குத் தெரியும். மதுரையில் காத்திருக்கும் ஆட்கள் போன் பண்ணினால், ஷெட்டை விட்டே கிளம்பாத என் டிரைவர், “ஆண்டிபட்டி தாண்டிட்டேன் சார்” என்பான். அவனை எத்தனை தடவை ஏசியிருக்கிறேன்! நீ சொல்லும் பிறந்தநாள் வாழ்த்தைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள் என்பேன்.

அடுத்த தடவை வெளியே வந்தபோது, பெரிய விமானம் வந்துவிட்டது, கிளம்பத்தான் நேரமாகும் என்றான். “ஏலே தம்பி, ஒங்க சொந்த விமானந்தான் வரிசையா நிக்குதே, அதுல ஒண்ண எடுக்க வேண்டியதுதான?” என்று கேட்டேன்.

“அது அவ்ளோ தூரம் போகாது சார்.”

“பெரிசு வந்துருச்சுன்னு இப்பச் சொன்ன?”

“வந்துடுச்சு சார். பைலட்டுங்க டூட்டி நேரம் முடிஞ்சிடுச்சு. அவங்க விமானத்தோட வந்தவங்க. எங்க பைலட் அத ஓட்ட முடியாது.”

தூங்காத டிரைவரை நானும் வண்டியில் ஏற்ற மாட்டேன். ஆக்டிங் டிரைவர் கிடைக்காமல் நின்றுபோன கல்யாண வண்டி என் வாழ்க்கையிலும் உண்டு. நியாயம் அவன் பக்கம் போனதில் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. திட்டவும் முடியாத கோபத்தை வைத்துக்கொண்டு மனிதன் என்னதான் செய்வான்?

மனைவி தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்திருந்தாள். தரையில்கூட வைக்கவில்லை. அப்போது மருமகன் எங்கள் இருவர் போனையும் ஒரே அழைப்பில் சேர்த்து அழைத்தார். குறித்த நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், பிரசவ அறைக்குள் கூட்டிப்போகப் போகிறார்கள் என்றார். போன் மகளிடம் போனது. அவள் குரல் ஐந்து வயதுக்குத் திரும்பியிருந்தது.

“அம்மா, எங்கம்மா இருக்க? ஏறிட்டியா?”

என் மனைவி கண்ணாடிக் கதவையும் காவலரையும் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“ஏறிட்டேன் ஆத்தா. சன்னலோரமா உக்காந்துட்டேன்.”

“நெசமாவா?”

என் கையிலிருந்த போனைக் காட்டினாள். “ஆமாத்தா, ஏறிட்டாக. கதவ சாத்தப் போறாகளாம்” என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு கம்பெனியின் விமானம் தலைக்கு மேலே இரைந்துகொண்டு ஏறியது.

“சத்தம் கேக்குதும்மா” என்றாள் மகள். குரல் தெளிந்திருந்தது. “சரி, நீ வா. நான் உள்ள போறேன்.”

போன் அணைந்தது. என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இன்னும் எம்புட்டு நேரம் ஆகும்னு அந்தத் தம்பிகிட்ட கேட்டுட்டு வாங்க” என்றாள்.

போய்க் கேட்டேன். இதோ கிளம்பிவிடும் என்றான்.