ஒளு முறியாத பிள்ளை

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு இடத்தில் நிற்க மாட்டேன். கால் மாற்றிக் கால் வைப்பேன், தொடையை இறுக்குவேன், உட்கார்ந்தால் குதிகாலை அடியில் கொடுத்துக்கொண்டு நெளிவேன். புதுமடத்தில் எங்கள் தெருவே என்னைத் துறுதுறுப்பான பிள்ளை என்று சொன்னது. துறுதுறுப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தேன்.

தெருக்கோடி வீட்டில் ஒரு அம்மா பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தார். ஒளு செய்து, அதாவது முறைப்படி முகம் கைகால் கழுவிக்கொண்டுதான் ஓத உட்கார வேண்டும். ஒன்றுக்குப் போனால் ஒளு முறிந்துவிடும், மறுபடி செய்ய வேண்டும். அந்த வீட்டில் இருந்ததோ ஒரு குடம் தண்ணீர், அதுவும் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி மொண்டு சுமந்தது. ஆகவே ஒளு முறிந்தவள் தன் வீட்டுக்குப் போய்ச் செய்துகொண்டு வர வேண்டும் என்பது சட்டம். வருவதற்குள் பாடம் முடிந்துவிடும். இதில் எங்களுக்குள் போட்டி வேறு. காலையில் செய்த ஒளு மதியத் தொழுகை வரை யாருக்கு நிற்கிறது என்று பார்ப்போம். எனக்குத்தான் நின்றது. அந்த அம்மா என்னைக் காட்டி, "இந்தா, ஒளு முறியாத புள்ள" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

இன்னொன்றும் அப்படித்தான். பெண்கள் கருக்கலில் ஒரு தடவை, பொழுது சாய்ந்து ஒரு தடவை உடைமரக் காட்டுக்குப் போவார்கள். நடுவில் வந்தால் அடக்க வேண்டியதுதான். அங்கே போனாலும் முள், நாய், யாரோ வருகிற சத்தம். நுனிக்காலில் உட்கார்ந்து பாதியில் எழுந்து ஓடிவந்துவிடுவேன். நாலு நாள், ஐந்து நாள் வெளிக்கே போகாமல் இருந்திருக்கிறேன்.

பிறகு எனக்குத் தெரியாமலே பாவாடை நனைய ஆரம்பித்தது. முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் ஓதும் பாயிலேயே. சில நாள் மலக் கறையும் இருந்தது. வெட்கத்தில் செத்தேன். ஓதிக்கொடுத்த அம்மா திட்டவில்லை. உம்மாவைக் கூப்பிட்டு, "நல்லானப்புறம் அனுப்புங்க. பாயில மத்த புள்ளைகளும் உக்காருதுக" என்றார். நான் கடைசிப் பாகம் ஓதிக்கொண்டிருந்தேன். என் வயதில் நான்தான் முதலில் முடித்திருப்பேன். அதை விட்டு வீட்டில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

உம்மா தண்ணீரை நிறுத்தினார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று நினைத்தார். நாக்கு வறண்டது, வயிறு இறுகியது, நனைவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து எழுதிவிட்டு ஒரு நர்ஸம்மாவிடம் அனுப்பினார்.

அவர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "மலம் கட்டிக்கிட்டு மூத்திரப் பையை நெருக்குது. தண்ணி குடுக்குறதில்லையாம்மா?"

"குடுத்தா நனைச்சுப்புடுதே" என்றார் உம்மா.

"குடுக்காததாலதான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கு."

என்னைத் தரையில் குந்தச் சொன்னார். குந்தினேன். "ஓடப் போறவ மாதிரில்ல உக்காந்திருக்கே. குதிகால் தரையில படட்டும். முக்காதே. சூட்டுக் கஞ்சியை ஊதுற மாதிரி மெதுவா ஊது." வயிற்றின் வலது பக்கம் தொடங்கி மேலேறி இடது பக்கமாக இறங்கும்படி வட்டமாகத் தடவக் காட்டிக்கொடுத்தார். "இப்ப இறுக்கு. இப்ப விடு." இறுக்கினேன். எவ்வளவு முயன்றும் விடத் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது.

"அடக்கத்தான் பழகியிருக்கே. இதையும் பழகிக்கலாம்" என்றார்.

தினமும் சாப்பிட்டதும், கொல்லையில் உம்மா எனக்காகக் கட்டிய ஓலை மறைப்புக்குள் பத்து நிமிஷம் உட்கார வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எறும்பை எண்ணுவேன், ஓலையைப் பிய்ப்பேன். வெளியே உம்மா காவல் நிற்பார்.

"ஊதுறியா?"

"ஊதுறேன்."

"குதிகால்?"

"தரையிலதான் இருக்கு."

தண்ணீரும் கணக்கில்லாமல் குடித்தேன். இரண்டு மாதத்தில் வயிறு இளகியது. பாவாடை காய்ந்தே இருந்தது. ஓதப் போகலாம் என்றார் உம்மா. ஆனால் நர்ஸம்மா சொன்னதில் ஒன்று என்னைப் பயமுறுத்தியது. முட்டும்வரை காத்திருக்கக் கூடாது, ஓதும்போதும் நடுவில் எழுந்து போய்விட வேண்டும்.

முதல் நாள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வெயில் ஏற ஏறக் கால் நிலைகொள்ளவில்லை. எழுந்தால் ஓதிக்கொடுக்கும் அம்மா திரும்ப வீட்டுக்கு அனுப்பிவிடுவார். எழாவிட்டால் திரும்ப நனையும். எழுந்தேன்.

"எனக்கு ஒண்ணுக்குப் போகணும். ஒளுவுக்குத் தண்ணி கொண்டாந்திருக்கேன்."

ஓதும் சத்தம் நின்றுபோனது. அந்த அம்மா செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் எனக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள். கொஞ்ச நேரத்தில் பாயில் ஒருத்தியும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவர் குர்ஆனை மூடிப் பலகையில் வைத்தார். முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"ஒரு செம்பு எம்புட்டுப் பேருக்குக் காணும்? குடத்தையும் எடுத்துக்கங்க" என்றார். "ஆனா முதல்ல நான் போயிட்டு வாரேன். விடியக்கால சுபுஹுத் தொழுகையிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கேன்."