இங்கினியாகல மின்நிலையத்துக்குத் தப்பான மாதத்தில் போனேன்

மார்ச் முதல் ஞாயிறு, இங்கினியாகலையில் குளக்கட்டின் அடியில் எழுபது வருசத்துக்கு மேலாக இயங்கிவரும் சின்ன நீர்மின் நிலையத்தைப் பார்க்கப் போனேன். என் மனைவி வதனி நாவிதன்வெளிக்காரி, வயற்காட்டில் வளர்ந்தவள். பள்ளிச் சுற்றுலாவில் அங்கு போனபோது, மெசின் ஓடும் அதிர்வு நிலத்திலிருந்து உள்ளங்காலில் ஏறியதாம். இருபத்திரண்டு வருசமாக அதையே சொன்னாள். “ஒருக்காக் கூட்டிப் போங்களன்” என்பாள். ஓம் ஓம் என்று நான் தட்டிக்கழித்தேன். போன ஆவணியில் இறந்துவிட்டாள். அந்த அதிர்வையாவது என் காலில் வாங்கிவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

மட்டக்களப்பில் காலை 5.45க்கு பஸ். கல்முனை 40 கிலோமீற்றர், 150 ரூபாய். பக்கத்து இருக்கை கடைசிவரை காலி. அதில் பையை வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்திருந்தேன். அங்கிருந்து அம்பாறைக்கு இன்னொரு பஸ், 120 ரூபாய். வழிநெடுக வயல் வட்டைகளில் நெல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்தேன். மடையன், விசயமே அதில்தான் இருந்தது. அம்பாறையிலிருந்து 20 கிலோமீற்றர். ஓட்டோக்காரர் போய்வர 3,500 கேட்டார், பேரம் பேசவில்லை.

10.20க்கு வாசலில் இறங்கினால் ஒரு சத்தமும் இல்லை. காவலாளி சம்மாந்துறைக்காரர், என் வயதுதான் இருக்கும். மெசின் பழுதா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

“பழுதில்ல. இது வெள்ளாமை வெட்டுற காலம், வயல் காஞ்சு கிடக்கணும். வயலுக்குத் தண்ணி விட்டாத்தான் மெசின் ஓடும். கரண்டுக்கெண்டு தனியாத் தண்ணி விடமாட்டாங்க.”

அடுத்த சிறுபோக விதைப்புக்குத் தண்ணீர் திறக்க இன்னும் சில கிழமை ஆகுமாம்.

“ஊட்டுல வயல் தெரிஞ்சவங்க ஆருமில்லயா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்களே” என்றார்.

வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றேன். வெயில் சூட்டைத் தவிர காலில் ஒன்றும் ஏறவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து நிழலில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

போகிறவர்களுக்கு: உள்ளே பார்ப்பதற்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி எடுக்க வேண்டும் என்று காவலாளி சொன்னார். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கொண்டுபோங்கள். ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்பி வர வேறு வாகனம் நான் காணவில்லை. எல்லாவற்றுக்கும் முதல், வட்டைக்குத் தண்ணீர் திறந்தாச்சா என்று வயல் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். என் வீட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள்.