பிட்ச்சில் நட்ட பந்தக்கால்

எங்கள் ஊர் ஸ்டேடியம் யாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கொடியேற்றம், பள்ளி விளையாட்டு விழா, மாநாடு, பொருட்காட்சி, மிச்சமிருக்கிற நாட்களில் கிரிக்கெட். அதனால் அன்று காலை ஒரு டெம்போ நிறைய மூங்கில் வந்து இறங்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான். மாநில அணிக்கான பெண்கள் தேர்வு ஆட்டம் அன்றைக்கு. அந்த மாதத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. என் சுழற்பந்தைத் தேர்வாளர்கள் பார்த்தால் அன்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் எப்போதும் இல்லை.

கூட அம்மா வந்திருந்தாள். ஆட்டம் பார்க்க இல்லை. சாயங்காலம் ஸ்ரீரங்கத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நான் நேரத்துக்குக் காட்டூர் வீட்டுக்குத் திரும்புகிறேனா என்று பார்த்துக்கொள்ள வந்த காவல் அவள். பஸ்ஸில் வரும்போதே, "வெயில்ல மூஞ்சி கறுத்துடும், தொப்பியைக் கழட்டினே, தொலைச்சுடுவேன்" என்றாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குள் போனால், பிட்ச்சின் மேலேயே ஒரு மூங்கில் நின்றது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நுனியில் மாவிலை கட்டியிருந்தார்கள். அடியில் பால் ஊற்றிய ஈரம் காயவில்லை. அந்த வாரம் ஏழைப் பெண்களுக்கு அங்கே இலவசத் திருமணம் நடக்க இருந்தது. அதற்கான பந்தக்காலை, விடிந்ததும் நல்ல நேரம் பார்த்து நட்டுவிட்டார்கள்.

"மூலையிலதான் நடச் சொன்னாங்க. ஆனா இங்க மட்டும் புல்லு இல்லாம, மெழுகி வச்ச மாதிரி இருந்துச்சுங்க. சாமி காரியத்துக்குன்னே ஒதுக்கி வச்சிருக்கீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார் பந்தல்காரர். அவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

கம்பை எடுத்தால் குழியை மண் போட்டு இடித்துச் சரிசெய்துவிடலாம், லெக் ஸ்டம்புக்கு வெளியேதான் இருக்கிறது என்றார் மைதான ஊழியர். "ஆனா நான் கை வைக்க மாட்டேங்க. எங்க வீட்டுலயும் பொண்ணு இருக்கு." கோச் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அம்பயர் வானத்தைப் பார்த்தார். கல்யாணம் முடியும்வரை பந்தக்காலை அசைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். மட்டை பிடிக்கும்போது வீராதிவீரர்களாக இருப்பவர்கள் ஒரு மூங்கிலைச் சுற்றி இப்படி நெளிவதை அன்றுதான் பார்த்தேன்.

தேர்வாளர்களில் மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். "எங்களுக்கு சாயங்காலம் டிரெய்ன். இப்ப ஆரம்பிக்கலன்னா அடுத்த மாசம் வச்சுக்கலாம்."

அடுத்த மாதம் எல்லோருக்கும் வரும், எனக்கு வராது. நான் விறுவிறுவென்று போய்க் கம்பைப் பிடித்தேன்.

"தொடாதே!" அம்மாவின் குரல். வேலியோரம் உட்கார்ந்திருந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடிவந்தாள். "கல்யாணமாகாதவ, நீ கை வைக்கலாமாடீ?"

"அப்ப யாரும்மா எடுப்பாங்க? என் வாழ்க்கையே போகுது!"

அத்தனை பேர் எதிரில் கத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என் கல்யாணத்துக்காக விளக்குப் போடுகிறவள் அம்மா. பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள். என்னை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

அம்மா என் கையை விலக்கினாள். பந்தல்காரரிடம் கேட்டாள்: "நட்டது யாரு?"

"சுமங்கலிங்கதாம்மா. அஞ்சு பேரு."

"அப்ப எடுக்கறதும் சுமங்கலியே எடுக்கட்டும். மூலையில மறுபடி நட்டுக்குங்க. அந்தப் பொண்ணுங்களுக்கு ஒண்ணும் வரக் கூடாது. வர்ற பொல்லாப்பு எனக்கு வரட்டும்."

கண்ணை மூடி முணுமுணுத்தாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு கம்பைக் கட்டிப்பிடித்து ஆட்டினாள். இறுக்கி இடித்த மண், லேசில் விடவில்லை. உதவிக்குப் போன என்னை ஒரு பார்வையில் நிறுத்தினாள். ஒரு ஆண்பிள்ளையும் அசையவில்லை. கடைசியில் மூங்கில் சரிந்து அவள் தோளில் விழுந்தது. அதைப் பந்தல்காரரிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எனக்குப் பயமாக இருந்தது.

"நிக்கிறா பாரு. போய்ப் பந்து போடு."

முதல் ஓவரில் விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, மூன்று பவுண்டரி போனது. பிறகு நிதானம் வந்தது, விக்கெட்டும் வந்தது. ஆட்டம் முடிந்ததும் வாசித்த பெயர்களில் என் பெயரும் இருந்தது. அம்மா, "பஸ் போயிடும், வா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் எனக்கு முகம் கழுவத்தான் நேரம் இருந்தது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். பையனின் அம்மா நல்ல மாதிரி, சிரித்த முகம். காபி டம்ளரை வாங்கும்போது அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, கையெல்லாம் மஞ்சள்? ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். பூஜை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பந்தக்காலைப் புடுங்கினேங்க" என்றாள் அம்மா. "எம் பொண்ணு பந்து போடணும்ல."

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். பையன் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அம்மா வாசல்வரை போய், "போயிட்டு வாங்க" என்றாள்.