பசி வேண்டாம் என்ற நோயாளி

ஆம்பூர் டிஸ்பென்சரியில் நான் காம்பவுண்டராகச் சேர்ந்த புதிது. பசி மருந்து கலக்குவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நான் கலக்கும் மருந்துக்குக் கல்லும் செரிக்கும் என்று டாக்டரே சொல்வார்.

அந்த மருந்தைத்தான் முனுசாமிக்குக் கொடுத்தோம். தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் ஆயுசு முழுக்க நின்றவர். கால் தளர்ந்ததும் மேஸ்திரி நிறுத்திவிட்டார். பிறகு ஆள் பாதியாகிவிட்டார். காலில் சுண்ணாம்புப் புண் ஆறவில்லை, சோறும் இறங்கவில்லை என்று மருமகள் அழைத்து வந்தாள். புண்ணுக்குக் களிம்பும் கொடுத்தோம்.

அடுத்த வாரம் பாட்டிலோடு தனியாக வந்தார்.

"இது வேணாங்க சாமி. குடிச்சா பசி ஜாஸ்தியாவுது."

"அதுக்குத்தானே பெரியவரே கொடுத்தது?"

"புள்ள ஒருத்தன் கூலியில ஆறு வயிறு. சம்பாதிக்காதவன் குந்திக்கினு துன்னா நல்லாவா இருக்கும்? பசி இல்லன்னு சொல்லிக்கினு இருந்தேன். இப்ப அப்படிச் சொல்ல முடியல. பசி கம்மியாவற மருந்து இருந்தா குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும்விட்டது. அன்று மனசே ஆறவில்லை.

மாலையில் மேஸ்திரியிடம் போனேன். அவருடைய சேற்றுப்புண்ணுக்கு மருந்து போடுகிறவன் என்ற உரிமை.

"குழியில எறங்குனா வழுக்கி வுழுந்துடுவாரு. நான் இன்னா பண்றது?" என்றார்.

"உக்காந்து செய்யற வேலை ஒண்ணும் இல்லையா?"

"தோல் பதப்படுத்தற கடுக்காய் பொறுக்கலாம். பூச்சி அரிச்சதை ஒதுக்கணும். ஆனா அது பொம்பளைங்க வேலை, கூலியும் கம்மி. குழி ஆளு, அதுக்கு வருவாரா?"

வந்தார். முதல் நாள் பெண்களுக்கு நடுவில் உட்காரக் கூச்சப்பட்டாராம். மறுநாளே அவர்களை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாராம்.

சில வாரம் கழித்து, என் வீட்டுக்குப் போகிற வழியில் அவர் வீட்டை எட்டிப் பார்த்தேன். புண் வாய் மூடியிருந்தது. களிம்பு அதே பழைய களிம்புதான். அன்றிலிருந்து வயதானவர் யார் வந்தாலும், நாக்கை நீட்டச் சொல்லும் முன், கையில் வரும்படி ஏதாவது உண்டா என்று கேட்டுவிடுவேன். டிஸ்பென்சரியில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நான் போனபோது முனுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கொழம்புல உப்பு கம்மி" என்று மருமகளை அதட்டினார்.

அவள் உப்பை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "வேலை போனதிலேர்ந்து தட்டுலேர்ந்து தலையக் கூட நிமுத்த மாட்டாரு. இப்ப தெனம் ஒரு கொற. சொல்லட்டும் சாமி, காது குளிருது."