இடது விளக்கில் தேங்கிய தண்ணீர்

யாகூத் என்ற பெயரை நான் முதலில் கேட்டது மீன் சந்தையில். என் தங்கை இன்ஷிராவைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். ஆள் எப்படி என்று அம்மா கடை கடையாக விசாரித்துக்கொண்டு போனாள். மீன்காரி ஒருத்தி மத்தியைத் தராசில் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "அன்ஃபூஷி படகுத்துறைல ஓட்டை அடைக்கிற யாகூத்தா? அவன் அடைச்ச படகுல கடல் கெஞ்சினாலும் உள்ள வராது." அந்தப் பேச்சிலேயே அம்மாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. வேறு என்ன விசாரித்தாள் என்று எனக்கு நினைவில்லை.

யாகூத்தின் தகப்பனார் சலாமா, எங்கள் அத்தை வீட்டுக்காரருக்குச் சின்னம்மா மகன். சலாமாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பிஷ்ர், ரஷீத் ஊரில் பெண் எடுத்தவர். அவர் ஒரு மூடுபனிக் காலையில் அபூஹும்முஸ் சாலையில், மைக்ரோபஸ் என்கிற வாடகை வேனில் போகும்போது விபத்தில் இறந்துபோனார். இளையவர்தான் யாகூத். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து, மைக்ரோபஸ் என்று யாராவது சொன்னாலே அவர் முகம் மாறிவிடும்.

அப்படிப்பட்டவருக்கும் என் தங்கைக்கும் பிறந்த ஒரே மகள் நஜ்லாவுக்கு அதே அபூஹும்முஸைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அவள் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்ததால் அவள் பெற்றோரோடுதான் இருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் அப்போதுதான் உண்டாகியிருந்தாள். யாகூத் படகுத்துறை வேலையை விட்டுவிட்டு, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி வந்தார். தினமும் விடியல் தொழுகை முடிந்ததும் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். மத்தியானம் போய்த் திரும்பக் கூட்டி வருவார். நாங்கள் அவர்களுக்குக் கீழ் மாடியில் இருந்ததால் எல்லாம் எனக்குத் தெரியும்.

குளிர்காலத்து மழை தொடங்கியதும்தான் தொல்லை வந்தது. முதலில் இடது ஹெட்லைட்டின் கண்ணாடியில் யாரோ ஊதிவிட்டதுபோல லேசான புகை. யாகூத் துணியால் துடைத்தார். புகை உள்பக்கம் இருந்தது. நாலைந்து நாளில் அது முத்து முத்தாகத் திரண்டு, கண்ணாடியில் வழிந்து, அடியில் தேங்க ஆரம்பித்தது.

படகு வேலை பார்த்த கைக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது என்றால் ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஓட்டை. ஹெட்லைட்டின் விளிம்பைச் சுற்றிச் சிலிகான் பசையைப் பூசினார். தண்ணீர் குறையவில்லை. மல்லாந்து படுத்து அடியில் தடவிப் பார்த்தார். கூட்டின் கீழே கொண்டைக்கடலை அளவு ஒரு துளை, அதில் வளைந்த ரப்பர்க் குழாய் ஒன்று. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "திருடன் அகப்பட்டுட்டான் மதினி" என்றார். அந்தத் துளையில் பஞ்சைத் திணித்து, மேலே பசை வைத்து, படகை அடைப்பதுபோலவே அடைத்தார். அன்றைக்கு இரவு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுத்த மழைக்கு அந்த விளக்கில் பாதிக் குவளைத் தண்ணீர் நின்றது.

இன்னொன்றும் உண்டு. கடல் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் பயம். மழைநாளில் அலை கடற்கரைச் சாலைக்கு மேலேயே வந்து அடிக்கும். அந்தச் சாலை வழியே வந்தவர்கள் காரை நிறுத்திய கையோடு வாளித் தண்ணீரை வீசுவார்கள். யாகூத்தும் அப்படித்தான். மழைநாளில் வழி முழுக்க விளக்கை எரியவிட்டு வருவார். வந்ததும் இறங்கி, முதல் வாளியைக் காரின் முகத்தில் ஊற்றிவிட்டுத்தான் மாடி ஏறுவார்.

மகளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவர் கவலை. காரின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவார். அவள் இறங்கி வருவதற்குள் துண்டால் துடைத்துவிட்டு, துண்டை இருக்கைக்கு அடியில் ஒளித்துவைப்பார். இன்ஷிராவிடமாவது சொல்லுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம் மதினி. அவகிட்ட சொன்னா நஜ்லா காதுக்குப் போயிடும். விளக்கு சரியில்லன்னு தெரிஞ்சா அவ மைக்ரோபஸ்ல ஏறிடுவா. அந்தச் சாலைல."

நானும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் காலையில் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டதிலிருந்து, திரும்பி வந்து வாளி உருளும் சத்தம் கேட்கும்வரை எனக்கு வேலை ஓடாது.

குளிர்காலந்தோறும் வரும் காஸிம் புயல் அடித்த வாரம் அது. அன்றைக்குக் காலையில் காற்று அடங்கி, கால்வாயிலிருந்து மூடுபனி எழும்பியிருந்தது. நடந்ததை அப்பாவும் மகளும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சாலை மேடுபள்ளத்தில் குலுங்கியபோது தேங்கிய தண்ணீர் பல்பில் பட்டிருக்கிறது. 'டப்' என்று இடது விளக்கு அணைந்துபோனது. அதே நேரம் இடப்பக்க வயலிலிருந்து கழுதை வண்டி ஒன்று பசுந்தீவனத்தை ஏற்றிக்கொண்டு சாலைக்கு ஏறியது. யாகூத் பிரேக்கை மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டே போய், கழுதையின் மூச்சுக்காற்று கண்ணாடியில் படுகிற தூரத்தில் நின்றது.

யாருக்கும் அடி இல்லை. வண்டிக்காரர் இறங்கி வந்து குனிந்து பார்த்தாராம். "இது விளக்கா, மீன்தொட்டியா ஹாஜி? ரெண்டு மீன விட்டா பொறக்கப்போற பிள்ளைக்கு விளையாட ஆகும்."

நஜ்லா இறங்கி விளக்கைப் பார்த்தாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு வாப்பா?"

யாகூத் இருக்கைக்கு அடியிலிருந்து ஈரத் துண்டை வெளியே எடுத்தார்.

"பெரியப்பா ஏறின மைக்ரோபஸ்ஸ ஓட்டினவனாவது முன்னப்பின்ன தெரியாதவன். நீங்க தெரிஞ்சே என்னை ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் வந்த மைக்ரோபஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். யாகூத் ஒற்றை விளக்கோடு அந்த மைக்ரோபஸ்ஸின் பின்னாலேயே பள்ளிக்கூடம்வரை போனார். அவள் வாசலுக்குள் நுழைந்ததைப் பார்த்த பிறகுதான் காரைத் திருப்பினார்.

அதன்பின் நஜ்லா மைக்ரோபஸ்ஸில்தான் போனாள். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குப் போன் செய்வாள். அந்த மணி அடிக்கும்வரை யாகூத் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். கொடுத்த தேநீர் ஆறிக் கிடக்கும். "கம்பிய விடுங்க, அது எங்கயும் ஓடாது" என்று இன்ஷிரா சொன்னாலும் கை விடாது.

கடைசியில் காரை மின்வேலைக்காரர் கிர்கிஸ் கடைக்குக் கொண்டுபோனார். கிர்கிஸ் விளக்கைக் கழற்றிக் கவிழ்த்தார். தண்ணீர் கொட்டியது. அடியில் இருந்த பஞ்சை இழுத்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யார் அடைச்சது இதை?"

"நான்தான்."

"நல்லா அடைச்சிருக்கீங்க. இது அதோட மூக்கு. விளக்கு சூடானா உள்ள இருக்கற காத்து இது வழியா வெளிய போகும், ஆறினா திரும்ப வரும். இதை அடைச்சதும் பசைல எங்க கீறல் இருக்கோ அந்த வழியா மூச்சு வாங்குது. சுடச்சுட இருக்கும்போது தண்ணி ஊத்தினா அந்தத் தண்ணியையே உறிஞ்சிக்கும். வந்த உடனே கழுவுவீங்களா?"

"கழுவாம எப்படி? உப்பு தின்னுடாதா?"

"ஒரு தேநீர் குடிக்கற நேரத்துல கடல் உங்க காரைத் தின்னுடாது."

வீட்டுக்கு வந்து, மீன் வெட்டும் கத்தியால் பசையைச் சுரண்டி எடுத்தார். விளிம்பை மட்டும் புதிதாக ஒட்டி, துளையைத் திறந்துவிட்டார். விளக்குக் கூடு உலர வேண்டுமே என்று அடுப்புக்கு மேலே, இன்ஷிரா சோற்றுத் தட்டை வைக்கும் இடத்தில் அதை வைத்தார்.

"சோறா விளக்கா, எது பெரிசுன்னு சொல்லிடுங்க" என்றாள் இன்ஷிரா.

"விளக்கு."

அவள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கீழே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த மழையில் யாகூத் மட்டும் காரை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் போய்விட்டு வந்தார். வாசலில் நிறுத்திவிட்டு, நிறைந்த வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். கார் முழுக்க உப்பு வெள்ளையாகப் படிந்துகொண்டிருந்தது. கை தானாக வாளியைத் தூக்கும், பிறகு இறக்கும். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து வாளியை வாங்கிக்கொண்டேன். கண்ணை விளக்கிலிருந்து எடுக்காமலே குடித்தார். விளக்கைத் தொட்டுப்பார்த்து, ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஊற்றினார். காலையில் கண்ணாடியில் ஓரமாகக் கொஞ்சம் புகை இருந்தது. விளக்கைப் போட்டதும் மெல்லக் கலைந்துபோனது.

நஜ்லாவைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்த முறை காரின் இடது பக்கம் தெருவைப் பார்த்து நின்றது. அவள் இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "இனிமே ஒண்ணு விடாம சொல்லிடணும் வாப்பா" என்றாள்.

அன்றிலிருந்து சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். சக்கரத்தில் கீச்சென்று சத்தம் கேட்டால், கண்ணாடியில் தூசு விழுந்தால், எல்லாம் அவள் காதுக்குப் போகும். இவர் பேசாமல் இருந்த காலமே நல்லது என்று சிரிப்பாள்.

யாகூத் இப்போதும் எங்கள் மேல் மாடியில்தான் இருக்கிறார். காரை நஜ்லா ஓட்டுகிறாள், அவர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் போகிறார்.